தீவனம் நறுக்கும் சக்கரம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஞாயிறன்று மேஸ்திரி எங்களை அருங்காட்சியகத்தில் பழைய விவசாய இயந்திரங்களைப் பார்க்க அழைத்துப்போனார். எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்து மினுக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் மாட்டுத் தீவனம் நறுக்கும் சக்கரம் நின்றது. உங்கள் நான்கு விரல்களைத் தின்றதே, அதே மாதிரி. அன்று அதைச் சுற்றியவன் நான்தானே.

அங்கிருந்த காவல்காரர் வைக்கோலோடு கையை அதன் வாய்க்குள் விட்டுக்கொண்டு, “சும்மா சுத்துப்பா, கடிக்காது” என்று சிரித்தார்.

சட்டையைப் பிடித்து இழுத்து அவரைச் சுவரில் மோதவைத்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த கடப்பாரையை எடுத்துச் சக்கரம் பிளக்கும்வரை அடித்தேன். “டேய், பைத்தியமா உனக்கு?” என்று மேஸ்திரி கத்தியது காதில் ஏறவேயில்லை. நாலு பேர் சேர்ந்து என் வலது கையை முறுக்கி, எலும்பு முறிந்த பிறகுதான் விட்டார்கள்.

சின்னக் கட்டுதான், பயப்படாதீர்கள். அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லுங்கள். அரைக்கைச் சட்டை இரண்டு அனுப்புங்கள், முழுக்கை நுழையவில்லை.

நர்ஸ் கூப்பிடுகிறார். எழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கிறதா? இத்தனை வருடம் கேட்க வாய் வராததை இப்போது கேட்கிறேன்: இடது கையால் எழுத எப்படிப் பழகினீர்கள், அப்பா?

உங்கள் மகன்