பின்னால் விளித்தவள்

அன்புள்ள திரேசம்மா மைனிக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. இருந்துட்டுப் போகட்டும். மூணாம் கிளாஸ் படிச்ச கை, நாலு வரி எழுதுமுன்னே கடுக்குது.

உங்க தம்பிக்கும் எனக்கும் பேத்தி ஷைனி, நீங்க கண்ணை மூடும்போது பள்ளிக்கூடத்தில் படிச்சாளே, அவள் இப்போ கடற்படையில் ஆபீசர். உலகத்தைச் சுற்றப் போயிருக்கிறாள். கப்பலில் இல்லை மைனி, பாய் கட்டின படகில். அவளும் இன்னொரு பெண் ஆபீசரும், ரெண்டே பேர். வள்ளத்தில் பெண்ணின் கால் பட்டால் தண்ணி கோரிக் கழுவச் சொல்வீங்களே, இவளை என்ன செய்வீங்க?

அவள் புறப்பட்ட அன்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அவள் வாசல் தாண்டிப் போய்விட்டாள். பார்த்தால் மாங்காய் அச்சார் குப்பி மேசையில் இருக்கு. "எலே மக்கா, நில்லு! அச்சாரு!" என்று கத்திவிட்டேன்.

என் மகன் முகம் வெளிறிப்போச்சு. "அம்மா, பின்னால விளிச்சிட்டியே" என்றான். அவள் மட்டும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "விளிச்சது நல்லதாச்சு அம்மச்சி. இல்லைன்னா அங்க வெறுஞ்சோறாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்க தம்பி கடைசியாகக் கடலுக்குப் போன அன்றும் நான்தானே விளித்தேன்? தண்ணிக் கேனை மறந்துவிட்டுப் போனார். விளிக்காமல் என்ன செய்ய? வள்ளம் திரும்பவில்லை. அவரும் வரவில்லை, பின்னால் அமரத்தில் உட்கார்ந்து வள்ளத்தைத் திருப்புகிற சூசையும் வரவில்லை. மாதா கோயில் முற்றத்தில் ஊரே நிற்க நீங்க எனக்கு நேரே விரல் நீட்டினீங்க. "இவ பின்னால விளிச்சா. என் தம்பி போயிட்டான்." நீலக் கரை போட்ட பாலராமபுரம் முண்டு உடுத்திருந்தீங்க. இடது கைவிரல்.

அதற்குப் பிறகு என் கையால் ஒரு வாய்த் தண்ணி வாங்கினீங்களா? சாகக் கிடந்தபோது கரண்டியில் கொண்டுவந்தேன். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டீங்க. கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனேன். மறக்கவில்லை. மறக்கப் பார்த்ததும் இல்லை.

ஷைனி போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்க சொன்னது நிஜமாக இருந்தால்? அந்த முற்றத்தில் இன்னொரு தடவை நிற்க இந்தக் காலுக்கு முடியாது.

உலகத்தின் தெற்கு மூலையில் ஒரு முனை உண்டாம். அதைத் தாண்டும்வரை போன் இல்லை. தாண்டின மறுநாள் மத்தியானம் பேசினாள். "அலை நம்ம கோயில் கோபுரம் உயரம் அம்மச்சி. அச்சாரும் தீர்ந்துபோச்சு."

நான் கேட்டே விட்டேன். "மக்கா, நான் பின்னால விளிச்சது மனசில உண்டா?"

"அய்யே, இங்க நாளு முழுக்க அதுதான சோலி! ஒருத்தி முன்னால பாயைக் கட்டுவா. ஒருத்தி பின்னால சுக்கானைப் பிடிப்பா. முன்னால நிக்கவ கயித்தைத்தான் பாப்பா, பின்னால இருக்கவதான் அலையைப் பாப்பா. அவ விளிக்கல்லைன்னா இவ கடல்ல!"

போனை வைத்தேன். சூசை ஞாபகத்துக்கு வந்தான். உங்க தம்பி முன்னால் குனிந்து வலையை இழுத்து வாங்கும்போது அவன் பின்னாலிருந்து எத்தனை தடவை விளித்திருப்பான்? கடைசி அலைக்கும் விளித்திருப்பான் இல்லையா? பின்னால் கேட்ட விளியா அவரைக் கொண்டுபோச்சு, மைனி?

தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவங்க நீங்க. கடலை நோக்கி விரல் நீட்டி என்ன ஆகப்போகுது என்றுதான் என்னை நோக்கி நீட்டினீங்களோ? எனக்குத் தெரியாது. மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னும் பாதிக் கடல் கிடக்கு. வந்து சேர்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு உங்க கல்லறைக்கு வாறேன், இது சத்தியம். ஒரு மெழுகுதிரியும் ஒரு குப்பித் தண்ணியும் கொண்டுவருவேன். தண்ணியைக் கல்லின்மேல் நானே ஊற்றுவேன். அப்போ வாயை மூட முடியாதே.

ஊற்றிவிட்டு நான் திரும்பி நடக்கும்போது, பின்னாலிருந்து ஒரு தடவை விளியுங்க மைனி. நான் நிற்பேன்.

உங்க தம்பியின் பெண்சாதி,
மரியபுஷ்பம்
காரோடு