இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு

நமுனுகுல,
வியாழக்கிழமை

அன்பு மகள் சுபாஜினிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய தயவில் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் இந்த மழைக்கு நலமாக இல்லை. மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். பதுளைப் பாதிரி ஐயர்தான் எழுதச் சொன்னார். போனில் எனக்கு மூன்றாவது பேச்சிலேயே சத்தம் ஏறிவிடுகிறது, கடிதத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் எழுத்து அதே அளவில்தான் இருக்கும் என்றார். அது முழுக்கச் சரியில்லை, ஏற்கனவே இரண்டு தாள் கிழிந்துவிட்டது. இது மூன்றாவது. நம்முடைய புது உபதேசியார் நிஷாந்த் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். படிக்காமல் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததை அம்மா உனக்குப் பாதி சொல்லியிருக்கிறாள். நீ அதைக் கேட்டுவிட்டு, அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலையா என்று மட்டும் கேட்டாயாம், பிறகு போனை வைத்துவிட்டாயாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்கு முந்திய வியாழன் பக்கத்து லயத்து இஸ்ரவேலின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியில் மூன்று வரிசையைத் தின்றுவிட்டது. உன் கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கறிக்கு ஆகும் என்று நாள் பார்த்துப் போட்ட போஞ்சி, கொடி அப்போதுதான் குச்சியைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. போய்க் கேட்டால், மாட்டுக்கு வேதம் படிக்கத் தெரியாதே மச்சான், நா என்ன செய்ய என்றான். நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையாக இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது பொறுமை இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்தது என்று இப்போது தெரிகிறது.

ஞாயிறு ஆராதனையில் அவன் எனக்கு முன் வாங்கில் உட்கார்ந்திருந்தான். உபதேசியார் உங்கள் கலியாண அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறையாக வாசித்தார். பொன்னையா ஜீவராணி ஆகியோரின் மகள் சுபாஜினியும் அப்புத்தளை அஜந்தனும் விவாகத்தில் இணைய இருக்கிறார்கள், இதற்குத் தடை அறிந்தவர்கள் எவராவது இருந்தால் எழுந்து நின்று சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் இஸ்ரவேல் மெல்லத் திரும்பி, போஞ்சி இல்லாத கலியாணமா மச்சான் என்று கேட்டுச் சிரித்தான். நான் எழுந்து நின்றேன். நான் சொன்னதெல்லாம் எழுதத் தக்கதல்ல. முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆட்களின் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின தொண்டை, கூரைத் தகரம் அதிர்ந்தது என்று அம்மா சொல்கிறாள். உபதேசியார் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, சட்டப்படி நடக்கிறவர். ஓலையை மடித்தார், பதிவேட்டைத் திறந்தார், தடை கூறியவர்: மணமகளின் தகப்பன் என்று எழுதினார். பிறகு அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். நான்கு சரணமும் பாடினோம்.

பதுளையிலிருந்து ஐயர் வந்து விசாரித்துத் தடையை நீக்கும்வரை மூன்றாம் ஓலை வாசிக்க முடியாதாம். ஓலை முடியாமல் கலியாணம் இல்லை, உனக்கோ ஜனவரியில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் லீவு. திங்கள் காலை முதல் பஸ்ஸில் அஜந்தனின் அப்பா வந்துவிட்டார். தேத்தண்ணீர் குடித்தார், அரை மணி நேரம் வெளியே மழையைப் பார்த்தார். கடைசியில், சம்பந்தி, இஷ்டமில்லன்னா மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க என்றார். மாடு என்றேன். மாடுங்களா என்றார். கூட்டிக்கொண்டு போய் மாட்டையும் பாத்தியையும் காட்டினேன். இரண்டையும் பார்த்தார், நம்பவில்லை. யாருமே நம்பவில்லை மகளே, ஏனென்றால் மற்றது எல்லோருக்கும் தெரியும். நீயும் அஜந்தனும் விரும்புகிற விஷயத்தைப் பசறையில் ஸனூஸ் கடையில் சீனி வாங்கப் போன இடத்தில் நான் கேள்விப்பட்டதும், வீட்டுக்கு வந்து போனைச் சுவரில் எறிந்ததும், நீ மஸ்கட்டுக்குப் போன அன்று விமான நிலையத்தில் நான் வேனை விட்டு இறங்காததும் இந்தத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. நீ வந்து கண்ணாடியைத் தட்டினாய். நான் முன்னால் நின்ற லொறியின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகிறது, அந்த நம்பர் இன்னும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐயர் வந்தார். நீங்க எழும்பினது போஞ்சிக்கா, மகளுக்கா என்று கேட்டார். போஞ்சிக்கு என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார். அந்த மனிதருக்கு அவசரம் என்பதே கிடையாது. தெரியலீங்க ஐயா என்றேன். சரி, பரமண்டல ஜெபத்துல மன்னிப்பு வர்ற எடத்துல ஒங்களுக்கு நா வர்ற ஞாயிறெல்லாம் இருமல் வருதே, டாக்டருகிட்ட காட்டினீங்களா என்றார். இத்தனை நாளாக யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். தடையை மீட்டுக்கொள்வதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும், சபையார் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் உபதேசியார், மற்றவர் இஸ்ரவேல் என்றார். சபையில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அறுபது பேரு மேலயும் நீங்க கோவமா இருக்கீங்களா என்று கேட்டார்.

நேற்று விடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு இஸ்ரவேல் வீட்டுக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தான். தாளைப் பார்க்காமலே, வந்தவன் சும்மா நிக்காம கயித்தப் புடி மச்சான் என்றான். பிடித்தேன். அந்த மாடு என் முகத்தைப் பார்த்தது, அசை போட்டது, பிறகு ஒரு அடி நகர்ந்து என் இடது பாதத்தின் மேல் நின்றது. வாயைத் திறந்தேன். என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். எப்படியோ அந்த நேரத்தில், கோபத்தில் எழும்புவதற்கு முன் எனக்கு ஒரு நிமிடம் கொடும் ஆண்டவரே என்று செவ்வாய் இரவு கேட்டது ஞாபகம் வந்தது. பெரிதாக வேறொன்றும் நான் கேட்டிருக்கவில்லை. பரமண்டல ஜெபத்தைத் தொடக்கத்திலிருந்து மனதுக்குள் சொன்னேன். மன்னிப்பு வருகிற இடமும் வந்தது. இருமவில்லை, இருமினால் மாடு மிரளும். அந்த இடத்தில் இஸ்ரவேலை நினைக்கத்தான் பார்த்தேன், ஆனால் நீ கண்ணாடியைத் தட்டியதுதான் வந்தது. ஆமென் சொல்லி முடித்த பிறகும் மாடு அங்கேயே நின்றது. இன்னொரு தடவை சொன்னேன். கறந்து முடித்து எழும்பிய இஸ்ரவேல் என் காலைப் பார்த்தான். கத்துவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா மச்சான் என்று கேட்டான். கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். சுபா கலியாணத்துக்குத் தயிர் நாங் குடுக்குறேன், போஞ்சிய மாடு தின்னதால பாலு நல்லாத்தான் வருது என்றான். நான் நன்றி என்றேன். அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கோபம் இருந்தது மகளே. அஜந்தன் மேல் இல்லை, நல்ல பையன். நீ அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தாயே, அதுதான். ஆனால் என் பிள்ளை என்னிடம் சொல்லப் பயந்தது என்றால், அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தானே. எங்கள் லயத்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் என் மகள் என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு இறங்காததற்கு என்னை மன்னித்துக்கொள். இனிமேல் அப்பாவுக்குக் கோபமே வராது என்று எழுதினால் பொய். நேற்று வீங்கிய காலோடு வந்து வாசல் வாளியில் இடித்துக்கொண்டேன், வாளியைத் திட்டினேன். ஆனால் ஒரு தடவைதான் திட்டினேன்.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. நீ பயப்பட வேண்டாம், தடை உண்டா என்று கேட்கும்போது அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. முழங்காலுக்குப் பூசும் அந்தப் பச்சைத் தைலம் இரண்டு போத்தல் கொண்டுவர மறக்காதே. ஜனவரியில் உன்னைக் கூப்பிட வர வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பஸ்ஸிலேயே வருகிறேன், விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருப்பேன். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன்னை எங்கள் கண்ணில் காட்டுவாராக.

இப்படிக்கு,
மணமகளின் தகப்பன்
சா. பொன்னையா