நாகத்தின் கணையம்

மார்ச் 4

குட்டிக்கு,

நலமான்னு கேக்க மனசு வரலை. உன் கட்டுரை வந்த இதழை எங்க பாம்புப் பண்ணை டாக்டர் காட்டினார். நாகத்தோட கணையத்துல சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற புரதத்தோட மரபணு ஒரு காலத்துல நகலாகி ரெண்டாச்சாம்; ஒண்ணு பழைய வேலையையே பார்த்துச்சாம், இன்னொண்ணு மாறி மாறி விஷமாச்சாம். அருமை! முட்டை மஞ்சக்கரு பூசின தட்டுல நாக விஷத்தை ஒரு சொட்டு, செத்த நாகத்தோட கணையச் சாறை ஒரு சொட்டு விட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி கரைக்குது, உறவான்னு பாரு"ன்னு உனக்கு எழுதினது யாருடி? ஆறு வருஷமா விஷம் எடுக்கிறதுல கடிபட்டு என் ஆள்காட்டி விரல் மடங்காமப் போச்சு. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல "உதவிய பணியாளருக்கு நன்றி." பேர்கூட இல்லை.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். உன் பேரை ரெண்டாவதாப் போட்டிருந்தேன். "பாம்பு பிடிக்கிறவங்க பேரைப் போட்டா சிரிப்பாங்க"ன்னு என் பேராசிரியர் அந்தப் பேரை அடிச்சிட்டார். அடுத்த கட்டுரையில கண்டிப்பாப் போடுறேன். அதுக்கு இன்னும் நாலு கணையம் வேணும், அனுப்புவியா?

உன் குட்டி

மார்ச் 22

குட்டிக்கு,

இன்னும் நாலா? உனக்கு வெக்கமே கிடையாதா! அவர் யாரோ, அடிச்சார். நீ என் கூடப் பிறந்தவ, பக்கத்துல உக்காந்து வாயை மூடிட்டு இருந்தியே, அதுதான் எனக்கு ஆறலை. என் குறிப்பு நோட்டு தேதியோட இருக்கு, டாக்டர் சாட்சி. ஒரு வாரத்துல உண்மையை இதழுக்கு நீ எழுது. இல்லைன்னா நான் எழுதுவேன். அப்புறம் அக்கான்னு கூப்பிடாதே.

மார்ச் 31

அக்கா,

எழுதிட்டேன். எல்லாத்தையும் மறைக்காம எழுதிட்டேன். திருத்தம் வரும், முதல் பேர் உன்னோடது. பேராசிரியர் என் மேசையைக் காலி பண்ணச் சொல்லிட்டார். வேலை போனதுக்காக இதைச் சொல்லலை. உன்னைப் பார்க்கணும். வரட்டுமா?

ஏப்ரல் 20

குட்டி,

திருத்தம் வந்தாச்சு. டாக்டர் சத்தமாப் படிச்சார், எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தட்டத் தோணலை. கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கு, போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை வா. நிறைய திட்டப் போறேன். வாசல்ல நின்னு அழுது ஊரைக் கூட்டாதே, உள்ளே வந்து அழு.

அக்கா