முப்பத்தெட்டுக் கேள்விகளும் வெள்ளி வளையங்களும்

பூந்தமல்லி,
9 ஜனவரி 2025

செல்வி சஹர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் நலம் பெருகட்டும்.

சென்ற ஞாயிறன்று என் மகன் காலிதுக்காகப் பெண் கேட்டுப் பட்டாபிராமில் தங்கள் இல்லத்துக்கு வந்த வழக்கறிஞன் கலீல் ரகுமான் எழுதுவது. மறுநாளே தாங்கள் மறுப்புத் தெரிவித்துவிட்டீர்கள். அதை மாற்றக் கோரி இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

அன்று நான் தங்களிடம் கேட்ட கேள்விகள் முப்பத்தெட்டு என்கிறார் என் மனைவி ஷம்ஷாத். என் நினைவின்படி முப்பத்தொன்று. எண்ணிக்கையில் மட்டுமே எனக்கு ஆட்சேபம். தங்கள் கழுத்திலிருந்த வளையப் பின்னல் மாலையைக் காட்டி, "வெள்ளியா? பில் இருக்கா?" என்று கேட்டதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. அது தாங்களே கோத்தது என்று தங்கள் தாயார் சொன்னபோது, மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், "எத்தனை வருஷமா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

நிபந்தனையின்றி வருந்துகிறேன். நான்கு நாட்களாகக் காலித் என்னிடம் பேசிய ஒரே சொல் "உப்பு". இது தகவலுக்காக மட்டும். வேண்டுகோளாகக் கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மெய்யாகவே வருந்தும்
மு. கலீல் ரகுமான், பி.ஏ., பி.எல்.

*

பட்டாபிராம்,
15 ஜனவரி 2025

மதிப்புக்குரிய வக்கீல் ஐயாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஸ்பீடு போஸ்டில் உங்கள் உறையைக் கண்டதும் அத்தா வெளிறிப்போய், "யாரும்மா கேஸ் போட்டது?" என்றார். படித்து முடித்து அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் ஃப்ளாட் தாயம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, ஊட்ல ஒரே சிரிப்பா கீது? கல்யாணம் கூடிக்கிச்சா?" "இல்லக்கா, நின்னுபோச்சு" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலித் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று பால்கனியில் பேசிய கால் மணி நேரத்தில் என்னை மூன்று முறை சிரிக்க வைத்தார். என் பயம் வேறு. மென்பொருளில் பிழை தேடுவது என் உத்தியோகம். பகலெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கூண்டில் ஏற வேண்டுமா? வளையங்களைக் கையில் எடுக்கும்போதுதான் யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் எனக்கு வாய்க்கிறது.

அந்த வேலைக்குச் செயின்மெயில் என்று பெயர். போர்வீரர்கள் இரும்பு வளையங்களைக் கோத்துக் கவசம் செய்த அதே முறையில் நகை செய்வது. இத்துடன் நூறு அலுமினிய வளையங்கள் அனுப்புகிறேன். இரண்டு குறடு வாங்கிக்கொள்ளுங்கள். வளையத்தின் வாயை அகல இழுக்காமல், ஒரு முனையை உங்கள் பக்கமும் மறு முனையை எதிர்ப்பக்கமும் திருப்பித் திறக்க வேண்டும். இரண்டிரண்டாகக் கோத்து ஒரு கைச்சங்கிலி செய்யுங்கள். செய்து முடிக்கும்வரை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அதுதான் விதி.

அன்புடன்,
சஹர்

*

பூந்தமல்லி,
27 ஜனவரி 2025

அன்புள்ள சஹர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இணைப்பு: கைச்சங்கிலி ஒன்று.

குறடு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் நாகப்பன், "இன்னா வக்கீல் சார், கோர்ட்டு வேலைய உட்டுட்டு ஒயரிங் வேலைக்கு வந்துட்டியா?" என்றார். தங்கள் விதியை மதித்து, விலையைக்கூடக் கேட்காமல் நூறு ரூபாய்த் தாள்களாக நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் போதும் என்றபோது நிறுத்தினேன்.

பழைய பத்திரங்களில் கைரேகை பார்க்கும் பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு வளையத்தின் வாயும் சரியாகப் பொருந்தியதைச் சரிபார்த்தேன். தாங்கள் இரண்டிரண்டாகக் கோக்கச் சொல்லியிருந்தீர்கள். ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை தாங்கட்டும் என்ற முன்னெச்சரிக்கையில் மும்மூன்றாகக் கோத்தேன். விளைவு, சங்கிலி வளைய மறுக்கிறது. ஷம்ஷாத் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதக் கையில போடுறதா, கதவுல போடுறதா?" என்று கேட்டார்.

இன்னொரு செய்தி. கேள்வி கேட்காமல் இருந்த இந்தப் பத்து நாட்களில், வீட்டில் எல்லோரும் தாமாகவே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நேற்று மாலை காலித் என் எதிரில் வந்து உட்கார்ந்து, அம்பத்தூரில் தன் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் புது இயந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். அவன் அங்கே என்ன வேலை செய்கிறான் என்பது எனக்கு நேற்றுதான் முழுமையாக விளங்கியது.

நன்றியுடன்,
மு. கலீல் ரகுமான்

*

பட்டாபிராம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஐயாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கைச்சங்கிலி எங்கள் மேசைமேல் பிடிமானமில்லாமல் தானே நேராக நிற்கிறது. அத்தா அதை முதுகு சொறிய எடுத்துக்கொண்டுவிட்டார். "வக்கீல் சாப் கை ராசியான கை" என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்.

ஒரு வளையத்தின் வயிற்றில் இவ்வளவு கம்பிதான் கொள்ளும் என்று ஓர் அளவு உண்டு. நீங்கள் அதை நிரப்பிவிட்டீர்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆறு வருடமாகக் கோக்கிறேன். இவ்வளவு சுத்தமாக மூடிய வாய்கள் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. விரலை ஓட்டினால் எங்கே மூடினீர்கள் என்றே தெரியவில்லை.

விதி உங்களுக்குத்தான், எனக்கு இல்லை. அதனால் நான் ஒன்று கேட்கிறேன். இரண்டே போதும் என்று எழுதியிருந்தேனே, மூன்றாவது எதற்கு? எதற்கு ஐயா இவ்வளவு பயம்?

அன்புடன்,
சஹர்

*

பூந்தமல்லி,
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் சஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். இதை எழுத என் மகள் இஃபத்தின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இஃபத்துக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தந்தை எனக்கு நெடுநாள் பழக்கம். ஊரார் கொண்டுவரும் காகிதங்களையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கையெழுத்திடும் நான், நண்பரின் முகம் வாடும் என்று அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொன்ன படிப்பும் பொய், சொன்ன வேலையும் பொய் என்பது நிக்காஹுக்குப் பிறகு தெரிந்தது. எட்டு மாதத்தில் பெண் திரும்பி வந்துவிட்டாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்று அங்கே கேட்காததையெல்லாம் தங்கள் வீட்டில் வந்து கேட்டுவிட்டேன். பாவம் என்னுடையது, தண்டனை தங்களுக்குக் கிடைத்தது.

மேலும் சில வளையங்கள் வாங்கி இரண்டிரண்டாகக் கோத்த சங்கிலி இப்போது இஃபத்தின் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டே போகிறாள். எங்கே வாங்கியது என்று உடன் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா டீச்சர் கேட்டாராம். "எங்க அத்தா செஞ்சது" என்று சொன்னேன் என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அவளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்புடன்,
கலீல் ரகுமான்

*

பட்டாபிராம்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

வ அலைக்கும் ஸலாம். நேற்று ஆவடியில் இஃபத் அக்காவையும் காலிதையும் பார்த்தேன். அம்மாவும் உடன் வந்தார். மூன்று கிளாஸ் டீ ஆயிற்று. அக்கா உங்களைப் பற்றி ஒன்று சொன்னார்: "எங்க அத்தா கேள்வி கேக்கலன்னாதாம்மா நீ பயப்படணும்." சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக வளைகிறது.

நிக்காஹில் மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் இன்னது என்று கேட்பது பெண்ணின் உரிமை. உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. ஆகவே எழுதுகிறேன்: எனக்கு வெள்ளி வளையங்களால் ஆன ஒரு கழுத்துமாலை வேண்டும். காலித் தன் கையால் கோத்ததாக இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம்; கை வைக்கக் கூடாது. பெருநாள் கழிந்து ஏப்ரல் 27, ஞாயிறு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோதான நாள்.

மாமிக்கு என் ஸலாம்.

அன்புடன்,
சஹர்

*

பூந்தமல்லி,
20 பிப்ரவரி 2025

என் அன்பு மகள் சஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் "சம்மதம்" என்ற சொல் எங்குமே இல்லை. வேறொருவர் எழுதியிருந்தால் விளக்கம் கோரியிருப்பேன். உன் மாமி ஒரே முறை படித்தார். "மஹர் சொல்லிட்டாளே, இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பாயசத்துக்குச் சேமியா வறுக்கப் போய்விட்டார். வறுத்துக்கொண்டே அழுதார்.

ஜமாஅத் செயலாளர் முஸ்தகீம் பாய் நிக்காஹ் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "வக்கீல் சாப், மாலைன்னு மொட்டையா எழுத முடியாது. எத்தனை கிராம்?" என்றார். "மாப்பிள்ள கோத்து முடிக்கட்டும் பாய், அன்னிக்கு நிறுத்துச் சொல்றேன்" என்றேன். இடத்தை வெறுமையாக விட்டுவைக்க நான் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே என்று விசாரித்தார்.

காலித் செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அருகில் நிற்கிறேன். இதைவிடக் கடினமான வேலையை என் தொழிலில் பார்த்ததில்லை. பாதி வளையங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் ஓடிவிட்டன. இப்போதைய வேகத்தில் மாலை முடிய ரமலான், பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் மூன்றும் கடந்துவிடும். நேற்று அவன் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "அத்தா, தேதிய ரெண்டு மாசம் தள்ளி வெக்கச் சொல்லுங்களேன், நீங்க கேட்டா ஒத்துக்குவாங்க" என்றான்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாக, கட்சிக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாய்தா வாங்கியே பழகியவன் நான். நேற்று என் சொந்த மகனின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிட்டேன். ஏப்ரல் 27 ஏப்ரல் 27தான். அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து கோக்கட்டும்.

துஆவுடன்,
உன் மாமா
கலீல் ரகுமான்