ஜீப் வரும் நாளில் நல்ல தண்ணீர்

4.9.95, திங்கள்
சத்துணவுக் கூடத்தை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சாவூர் போனேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. எத்தனையாவது மனு என்று எனக்கே தெரியாது. விஷயம் பழையதுதான். சாராய ஆலை கழிவை எங்கள் வாய்க்காலில் விடுகிறது, இறங்குகிறவர்களுக்குக் காலெல்லாம் புண், ஆலைச் செலவில் வைத்தியம் வேண்டும்.

வீட்டில் இவர் காலைப் பார்க்கச் சகிக்கவில்லை. களிம்பு போட்டால் காய்கிறது. தண்ணீர் பாய்ச்ச இறங்கினால் மறுபடி நீர் வடிகிறது. இறங்காமல் விவசாயம் எப்படிச் செய்வது?

12.9.95, செவ்வாய்
சோதனைக்கு ஜீப் வந்தது. ஜீப் வருவது ஆலைக்காரர்களுக்கு எப்படித்தான் முன்கூட்டித் தெரிகிறதோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். வழக்கம்போல நேற்றே கழிவை அடைத்துவிட்டு போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். டிகாக்ஷன் நிறத்தில் ஓடின வாய்க்கால் பளிங்காட்டம் ஓடுகிறது. அதிகாரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்.

நாங்களும் லேசுப்பட்டவர்களா? இரண்டு நாளுக்குத்தான் இந்த வாழ்வு என்று தெரியும். ஊரே துணி துவைத்தது, மாடு குளிப்பாட்டியது, வயலுக்குப் பாய்ச்சியது. பக்கத்து வீட்டுக் காத்தாயி வேலி ஓரம் நின்று, "அமைப்பாளரம்மா, ஐப்பசியில மகளுக்கு வளைகாப்பு. அதுக்கு ஒரு வாரம் முன்னால ஒரு மனு போட்டுடுங்க" என்றாள். சிரித்துவிட்டேன். மனு போடுவது எங்களுக்கு மதகைத் திறப்பது மாதிரி ஆகிவிட்டது.

20.9.95
எழுத ஒன்றுமில்லை. அசதி.

27.9.95, புதன்
வைத்தியம் கேட்டு நாங்கள் போட்ட வழக்கை நடத்தும் சாரங்கபாணி வக்கீல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். போனேன். ஆலைத் தரப்பு கோர்ட்டில் ஒரு கட்டுச் சோதனை முடிவுகளைக் கொடுத்திருக்கிறதாம். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் தண்ணீர் சுத்தம்.

"ஒவ்வொண்ணும் நீங்க போட்ட மனுவுக்கு நடந்த சோதனைம்மா. நல்ல தண்ணி ஓடுற ஊருக்கு வைத்தியம் எதுக்குன்னு கேக்கறாங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை நாளாக. நான்தான் ஒவ்வொரு மனுவாக எழுதி வைத்தேன்.

கோர்ட்டே ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, நேரில் பார்த்துத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறதாம். என்றைக்கு வருவார் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். "அதுவரைக்கும் ஒரு மனுவும் போகக் கூடாது. தண்ணி எப்பவும் போலக் கெட்டே ஓடட்டும்" என்றார்.

கெட்டே ஓடட்டும். இப்படியும் ஒரு வேண்டுதல்.

28.9.95
ஊரில் சொல்லிவிட்டேன். காத்தாயி முகம் கொடுத்துப் பேசவில்லை.

5.10.95, வியாழன்
ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் முறைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதுவரை வாய்க்காலில் ஆலைத் தண்ணீர்தான். நாற்றங்காலில் பயிர் நுனி கருகிக்கொண்டு வருகிறது. இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு மனு போடேன். ரெண்டு நாள் நல்ல தண்ணி பாய்ஞ்சா நாத்து தப்பிச்சுக்கும்."

முடியாது என்றேன்.

"என் காலு போனா போவுது. நாத்து போயிட்டா மடத்துக்குக் குத்தகைய எத வச்சு அளக்கறது? நிலத்த விட்டுட்டு எறங்குன்னுவான்."

எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? இந்தக் காலுக்காகத்தானே வழக்கு?

10.10.95, செவ்வாய்
காலையில் பார்த்தால் வாய்க்கால் தெளிந்து ஓடுகிறது. யார்? யார் மனு போட்டது? காத்தாயியைத்தான் முதலில் போய்க் கேட்டேன். அவள் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். திரும்பி வந்தால் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நாந்தான். வெள்ளிக்கிழமை திருக்காட்டுப்பள்ளி போயி கலெக்டருக்குத் தந்தி அடிச்சேன்."

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. நாயா பேயா அலைஞ்சேனே, யாருக்காக அலைஞ்சேன்? — அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் நாற்றங்காலில் நல்ல தண்ணீர் பாய்ந்து நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன மனசு.

11.10.95, புதன்
எது நடக்கக் கூடாதோ அது நடந்தது. இன்றே கமிஷனர் வந்துவிட்டார். சின்ன வயசுதான். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா ஓடுது?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். "மேல ஓடுறது நேத்து விட்ட தண்ணி சார். அடியில கெடக்கறது வருசக் கணக்கா கெடக்குது" என்று, வயலில் தழையுரம் மிதிப்பதுபோல மிதிக்க ஆரம்பித்தார். கறுப்பாகக் கிளம்பி வந்தது. அந்த வாடையும் கூடவே. அடுத்துக் காத்தாயி இறங்கினாள். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மிதித்தேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, நான் அந்த வாய்க்காலில் கால் வைத்ததே கிடையாது.

கமிஷனர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டில்களை நிரப்பினார். சேற்றையும் அள்ளிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் இவரோடு பேசவில்லை. கால் கழுவ வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

16.11.95
வக்கீல் சொல்லி அனுப்பினார். வழக்கு முடியும்வரை வாரம் ஒருநாள் ஆலைச் செலவில் டாக்டர் வரவேண்டும் என்று உத்தரவு. ஆலை அப்பீல் போகுமாம். போகட்டும், பார்த்துக்கொள்ளலாம். நாற்றில் பாதி தேறி நடவு ஆகிவிட்டது, மீதி போச்சு.

23.11.95, வியாழன்
டாக்டர் வந்தார். பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் போயிற்று. பெண் டாக்டர், அவசரப்படாமல் பார்த்தார். இவர் காலை நெடுநேரம் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். அடுத்து நான் உட்கார்ந்தேன். விரலிடுக்கில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை கொப்புளம் ஏறியிருக்கிறது.

"எத்தனை வருஷமா வாய்க்கால்ல இறங்கி வேலை செய்யறீங்க?"

"வேலையெல்லாம் இல்லீங்க. நல்ல தண்ணி ஓடுன அன்னைக்கி, ஒரே ஒரு தடவ எறங்குனேன்" என்றேன்.