அப்பாவும் காரப் பெட்டி மக்ரோனியும்

ஹாவ்லி க்ரீக், விஸ்கான்சின்
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஹெய்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நான் சுகம். உன் அப்பா சுகமா என்பதை ஒரு வரியில் எழுத முடியாது, கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன், நடுவில் பயந்து போனை எடுக்காதே. இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறிவிட்டது, பனி தள்ளுகிற வண்டிக்காரன் இந்த வருஷமும் நம் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டுத் தெரியாதவன் மாதிரிப் போய்விட்டான். உன் தம்பி கர்ட்டின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, யாருக்கும் தூக்கம் இல்லை. நியூசிலாந்தில் உங்களுக்கு வெயில் காலம் என்று சொல்கிறாய், பிப்ரவரியில் வெயிலா என்று எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, எதற்கும் ஒரு ஸ்வெட்டரைக் கையோடு வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் வருகிற மக்ரோனி சீஸை உன் அப்பா இந்த வீட்டு வாசல்படி ஏற விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக சீஸ் ஆலையில் ஒவ்வொரு கட்டியையும் துளைத்து எடுத்து, முகர்ந்து, சுவைத்துத் தரம் சொல்கிற மனிதர், அந்த ஆரஞ்சுத் தூளைச் சீஸ் என்று சொல்கிறவன் சுவரில் அடிக்கிற பெயின்ட்டையும் சீஸ் என்பான் என்று திட்டுவார். சின்ன வயதில் நீ பக்கத்து வீட்டில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்த அன்று இரவு முழுக்க உன்னோடு பேசவில்லை. காரமும் அவருக்கு ஆகாது, மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் தண்ணீர்க் குவளையைத் தேடுவார். அப்படிப்பட்டவரின் கராஜில், மான் இறைச்சி வைக்கிற ஃப்ரீசருக்குப் பின்னால், அதிகக் காரம் என்று போட்ட மக்ரோனிப் பெட்டிகளைக் கண்டேன். முதலில் பச்சை மிளகாய் படம் போட்டது. அடுத்த வாரம் சிவப்பு மிளகாய். அதற்கடுத்தது மண்டை ஓடும் தீ நாக்கும் போட்டது. கேட்டேன். "தள்ளுபடில போட்டிருந்தான் ஆர்டிஸ், சும்மா வாங்கினேன்" என்றார். சும்மா வாங்கியதை ஏன் ஃப்ரீசருக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஒருநாள் எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். உதடு வீங்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது, "வித்தியாசமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன், நம் ஊரில் வாயில் வைக்க முடியவில்லை என்பதை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வோம் என்று உனக்குத் தெரியாததா. அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் காரமானது கிடைக்குமா என்று கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. ஆலையில் அவரோடு சேர்ந்து தரம் பார்க்கிற ட்ரூடி டெக்சஸ்காரி, எதிலும் மிளகாய் போடுகிறவள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த விருந்துக்கு அவள் கொண்டுவந்த தட்டில் எல்லோரும் மரியாதைக்கு அரைக் கரண்டி எடுத்துக்கொண்டு நகர, உன் அப்பா இரண்டு தடவை போய் நிரப்பிக்கொண்டு வந்து, "மணம் இங்க வரைக்கும் தூக்குது ட்ரூடி" என்றார். அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். அதே மாதத்தில்தான் சவரத்துக்குப் பின் பூசுகிற திரவத்தை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார், அவர் போன பிறகும் சமையலறையில் அந்த நெடி நிற்கும். நீ சிரிப்பாய், இந்த வயதில் இந்த மனுஷனையா என்பாய். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன், ஆனாலும் அவருடைய வண்டியின் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது இன்னொரு மண்டை ஓட்டுப் பெட்டி.

பிறகு ஒரு சனிக்கிழமை. அடுப்பில் வெங்காயத்தை வைத்துவிட்டுத் துணி எடுக்க நிலவறைக்கு இறங்கினேன், துணி மடிப்பில் கவனம் போய்விட்டது. கருகிய நாற்றம் படியிறங்கி என்னிடம் வந்தது. மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால் சட்டி முழுக்கக் கரி. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். புகையைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். அன்றைக்கு ட்ரூடியை என் மனதிலிருந்து இறக்கிவிட்டு வேறொரு சந்தேகத்தை ஏற்றிக்கொண்டேன். அது இதைவிட மோசமாக இருந்தது.

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய பெட்டியைப் பிரித்து மக்ரோனியை மட்டும் வேகவைத்து, அந்தத் தூளைக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். வெண்ணெய், பால், மாவு, உப்பு, வாயைப் பிளக்கிற அளவுக்கு மிளகாய்த்தூள், நிறத்துக்கு ஈஸ்டர் முட்டைக்குப் பூசுகிற சாயத்தில் இரண்டு சொட்டு. சீஸ் ஒரு துளி கிடையாது. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நெற்றி வியர்க்கச் சாப்பிட்டார். ருசி எப்படி என்றேன். "நேத்தைய விடத் தேவலை, இதுல சீஸ் நல்லா ருசி குடுக்குது" என்றார். ஹெய்டி, கண்டுபிடித்துவிட்டேன் என்ற வெற்றி ஒரு நொடி கூட நிற்கவில்லை. "டெல்மர், அதுல சீஸே இல்ல" என்றேன்.

மெல்லுவதை நிறுத்தாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். நவம்பரில் ஒரு ஜலதோஷம் வந்து படுத்தாரே, அது போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, மற்றதெல்லாம் மெழுகு தின்கிற மாதிரி இருக்கிறதாம். "எரியுறப்பதான் வாயில ஏதோ இருக்குன்னே தெரியுது. இன்னும் கொஞ்சம் காரம் போட்டா மத்ததும் முழிச்சுக்குமோன்னு பாத்தேன்" என்றார். ஆலையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ட்ரூடியின் முகத்தைப் பார்ப்பாராம். அவள் கடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினால் இவரும் தலையாட்டுவார், மூக்கைச் சுருக்கினால் இவரும் ஒதுக்குவார். பாவம் அவளுக்கு ஒன்றும் தெரியாது, இவர் என்னவோ தன்மேல் மரியாதையாகத் தன்னை முதலில் சொல்ல விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளோ மகளின் பிரசவத்துக்கு மார்ச்சில் டெக்சஸ் போகிறாள். அதன் பிறகு அந்த அறையில் இவர் ஒருவர்தான். "கெட்டுப்போனதை நல்லதுன்னு அனுப்பிட்டேன்னு வை, யார் வீட்டுக் குழந்தை தின்னும்?" என்று என்னையே கேட்டார். சரி, எனக்கு ஏன் சொல்லவில்லை, நான் என்ன வெளியாளா என்று கத்தினேன். "உனக்குத் தெரிஞ்சா அப்புறம் நீ யாருக்காகச் சமைப்பே" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது எனக்கு. கடுகளவு மனசுக்குள் இவ்வளவு நாள் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார், அதை நானே சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் அப்பா. திங்கட்கிழமை வந்து குளிரைப் பற்றிப் பேசினார். செவ்வாய்க்கிழமை அந்த ஆள் ஊரில் இல்லை என்றார், எனக்கு அது பொய் என்று தெரியும், அன்று காலையில்தான் மளிகைக் கடையில் அவனைப் பார்த்தேன். புதன்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "நீ எதுக்கு?" என்றார். சும்மா என்றேன். ஆலை வாசலில் இன்ஜினை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், சீஸைத் துளைத்துப் பார்க்கிற அந்தக் கம்பி இல்லை. யாரும் கேட்கவில்லையாம், தானே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாராம். நவம்பரிலிருந்து அவர் பார்த்த சரக்கையெல்லாம் ட்ரூடி மறுபடி பார்ப்பாள், மார்ச்சுக்கு வேறு ஆளை வரவழைக்கிறார்கள், இவர் நாளை முதல் பெட்டி கட்டுகிற பகுதிக்குப் போகிறார். வீடு வரைக்கும் ரேடியோ கூடப் போடவில்லை.

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு செடார் சீஸ் கட்டியை எடுத்து வைத்தேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே, அதன் லேபிளை முன்னாடியே கிழித்துப் போட்டிருந்தேன். அவர் தட்டைத் தள்ளினார். நான் எடுத்து வாயில் போட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். "நல்லா இருக்குன்னு சர்ச்ல சொல்லு. எனக்குச் சரியாச் சொல்லு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நல்லா இருக்கு, பரவாயில்லை, வித்தியாசமா இருக்கு என்ற மூன்றையும் வைத்தே காலம் தள்ளியவள் நான், எங்கே போவேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் புளிப்பு என்றேன். நாக்கின் ஓரத்திலா நடுவிலா என்றார். ஓரத்தில். பல்லில் மணல் மாதிரி நறநற என்கிறது. விழுங்கிய பிறகு வறுத்த கொட்டை வாசம் வருகிறது, கடைசியில் துளி கசப்பு. "கசப்பு தொண்டையிலயா?" ஆமாம் என்றேன். அவரும் கண்ணை மூடியிருந்தார். "மூணு வருஷச் சரக்கு. கடைசில கொஞ்சம் சூடான இடத்துல வச்சிருக்கான், தடிப்பய" என்றார். குப்பைத் தொட்டியைக் கிளறி லேபிளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷம்தான். அவரிடம் நீட்டினேன், வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த துண்டை வெட்டி என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆண்டவர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலையும் வீடும் செழிக்கட்டும். அப்பாவோடு பேசும்போது நீயாக எதையும் கேட்காதே, அவரே சுற்றி வளைத்துச் சொல்வார். ஆனால் அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று நிச்சயம் கேட்பார். அப்போது நல்லா இருந்தது என்று சொல்லித் தப்பிக்காதே மகளே. மெதுவாக மென்று, எல்லாவற்றையும் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஆர்டிஸ்