நிலவேம்புத் தூளும் ஒரு துண்டுத் துணியும்

ஆடுகோடி, பெங்களூர்,
9-8-1962

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? பாப்பா நடக்கிறாளா?

நிலவேம்புக் கஷாயத்தைச் சூடான காற்றில் சாரலாகப் பீச்சித் தூளாக்கும் மெஷினில் என்னை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். நேற்று தூள் ஆறும்வரை பொறுமையில்லாமல், மழை பெய்யும்போதே அதன் கதவைத் திறந்துவிட்டேன். ஈரக்காற்று பட்டுத் தூளெல்லாம் உள்சுவரில் பிசினாக ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தபா தொறந்தே, ஊருக்கே போயிடு" என்றார் மேஸ்திரி. ஒட்டியதைச் சுரண்டும்போதெல்லாம் போய்விடலாமா என்றுதான் இருந்தது. பயப்படாதே, வேலை இருக்கிறது.

தின்பதெல்லாம் கசக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சிவாஜிநகர் துணிக்கடைகளைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன்.

தூள் ஏறாமல் மூக்கில் கட்டிக்கொள்ள, உன் பழைய மெல்லிய வாயல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, போகிறேன். துணியைத் துவைக்க வேண்டாம்.

பொன்னுரங்கம்